இல்லாத பூனையின் நிறம்

தபால் பெட்டி 212
பிப்ரவரி 9

தம்பிக்கு,

நானும் குட்டியும் நலம். நலம் என்று எழுதித்தானே கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும், அதனால் எழுதுகிறேன். உண்மையில் ஒரு வாரமாக அப்படி இல்லை.

சலவைக்கடையில் வேலை முடிந்து வரும்போது நம் வீட்டுக்கு எதிரே இரண்டு பேர் நின்று கேட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் அனுப்பிய ஆட்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். குட்டியை இழுத்துக்கொண்டு முனையிலிருக்கும் மருந்துக்கடைக்குள் போய், இல்லாத தலைவலிக்கு மாத்திரை வாங்கினேன். அவர்கள் போகவில்லை. மறுநாள் ஐந்து பேர் வந்தார்கள். எல்லாம் கல்லூரிப் பிள்ளைகள். அதில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே என்னிடம் வந்து, "அக்கா, அந்தக் கிணறு இந்த வீட்லதானே இருக்கு? ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறோம்" என்றாள்.

எந்தக் கிணறு? இங்கே இருப்பது ஒரு தண்ணீர்த் தொட்டி. அதற்கும் மூடி போட்டிருக்கிறது. அப்படிச் சொன்னதும் அவள் தன் போனைக் காட்டினாள். அதில் நம் வீடு. பச்சை கேட், மாடிக் கம்பியில் காயும் ஒட்டுத்துணி விரிப்பு, மூலையில் மங்கலாக ஒரு விரல். அந்த விரல் உன்னுடையது. நாங்கள் இங்கே குடிவந்த அன்று நான் அடுப்பைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது, ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று நீ எடுத்த படம் அது.

அவரை விட்டு வந்து எட்டு மாதம் ஆகிறது. இது மூன்றாவது ஊர். போனையும் தூக்கி எறிந்துவிட்டேன். நான் இங்கே இருப்பது உன் ஒருவனுக்குத்தான் தெரியும் என்ற நம்பிக்கையில்தான் கண்ணை மூடுகிறேன். அந்தப் படம் ஊர்பேர் தெரியாத பெண்ணின் போனுக்கு எப்படிப் போனது? உடனே பதில் எழுது. கதவுக்குக் குறுக்கே அலமாரியை நகர்த்தி வைத்திருக்கிறேன்.

அக்கா


பிப்ரவரி 15

அக்கா,

உன் கடிதத்தை ஆபீஸில் வைத்துப் படித்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு பெரியவர் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு எங்கள் உதவி எண்ணுக்குப் போன் செய்தார். "கதவைத் தள்ளாதீங்க, பதறாதீங்க, ஆள் வந்துட்டிருக்கு" என்று வழக்கம்போல் சொன்னேன். அவர், "தம்பி, உங்க குரல்தான் நடுங்குது" என்றார்.

தப்பு என்னுடையதுதான். நீ திட்டு. அதற்கு முன் என்ன நடந்தது என்று கேள்.

டிவியில் வந்த அந்தப் பேய்த் தொடருக்காக நாங்கள் சில ரசிகர்கள் சேர்ந்து இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியம் நடத்துவது உனக்குத் தெரியும். யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம், சம்பளம் கிடையாது. "பேய்க்குப் பேன் பார்க்கும் வேலை" என்று நீகூடக் கேலி செய்வாய். நாங்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து சேர்ப்பதை வேறு தளங்கள் அப்படியே வழித்தெடுத்துத் தங்களுடையது என்று போட்டுக்கொள்கின்றன. கேட்டால், நாங்களே கண்டுபிடித்தோம் என்கிறார்கள். வரைபடம் போடுகிறவர்கள் திருடனைப் பிடிக்க இல்லாத தெரு ஒன்றைச் சேர்த்து வைப்பார்களாம். அதேபோல நானும் ஒரு பொறி வைத்தேன். கிணறு வரும் அத்தியாயம் இந்த வீட்டில்தான் படமாக்கப்பட்டது என்று எழுதி, கையிலிருந்த படத்தைப் போட்டேன். ஊர் பெயர் போடவில்லை. தனியார் வீட்டு முகவரியைப் போடக் கூடாது என்பது எங்கள் விதி.

ஒரே வாரத்தில் மூன்று தளங்கள் திருடின. எனக்குத் தலைகால் புரியவில்லை. பொறியில் விழுந்த எலிகளை எண்ணிய சந்தோஷத்தில் பொறியை எடுக்க மறந்துவிட்டேன். பிறகு ஒரு பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில், நடுங்க வைக்கும் பத்து வீடுகள் என்று போட்டார்களாம். அதில் நாலாவது உன் வீடு. அந்தப் பிள்ளைகள் உள்ளூர்க்காரர்கள், கேட்டைப் பார்த்து அடையாளம் கண்டிருப்பார்கள்.

இன்றைக்கே அழித்துவிடுகிறேன். என் பொய்யை நானே எடுக்க எவ்வளவு நேரமாகும்?

தம்பி


தபால் பெட்டி 212
பிப்ரவரி 21

மேதாவிக்கு,

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நீ அதை என் மடியில் விட்டிருக்கிறாய். உனக்குப் பொய் சொல்ல வேறு வீடே கிடைக்கவில்லையா? உன் வீட்டு வாசலைப் படம் எடுத்துப் போடுவதற்கென்ன?

நீ கேட்டைப் பற்றியே எழுதுகிறாய். கேட்டைப் பார்த்து அவர் என்ன செய்யப் போகிறார், அவருக்கு இந்த வீடே தெரியாது. நான் பயப்படுவது அந்த விரிப்பை நினைத்து. அது முழுக்க அவருடைய பழைய சட்டைகள். நல்லபடியாக இருந்த காலத்தில் நான் வெட்டித் தைத்தது. ஒவ்வொரு கட்டத்தையும் தொட்டு, இது எந்த வருஷத்துச் சட்டை, எந்தக் கடையில் வாங்கியது என்று அவர் சொல்வார். நான் ஒரு வருஷம் மாற்றிச் சொன்னால் திருத்துவார். குட்டி அதைப் போர்த்தாமல் தூங்க மாட்டாள் என்பதால் எடுத்து வந்தேன். இல்லாவிட்டால் எரித்திருப்பேன்.

அவர் என்னை அடித்ததில்லை. அதனால்தான் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. மூன்று நாள் என்னை அறைக்குள் பூட்டி வைத்தார். பிறகு கதவைத் திறந்து, "மழையில கதவு இறுகிக்கிச்சு, நீதான் பயந்து என்னென்னவோ கத்தின" என்றார். உங்கள் எல்லோருக்கும் அதையே சொன்னார். இன்றுவரை நம் சித்திக்கு அது இறுகிய கதவுதான். உண்மையைச் சொன்னால், கொஞ்ச நாள் நானும் அப்படித்தான் நம்பினேன்.

இந்த ஊருக்கு வந்ததும் காவல் நிலையத்துக்குப் போனேன். அந்த அதிகாரியம்மா நல்லவர்தான். தண்ணீர் கொடுத்தார், முழுசாகக் கேட்டார். கடைசியில், "இதுக்கெல்லாம் ஆதாரம் ஏதாவது இருக்காம்மா?" என்றார். குட்டியின் அப்பாவும் இதையேதான் கேட்பார், இதே குரலில். நான் எழுந்து வந்துவிட்டேன்.

அழித்துவிட்டாயா இல்லையா, அதை மட்டும் எழுது.

அக்கா


பிப்ரவரி 27

அக்கா,

அழித்தேன். பத்து நிமிஷத்தில் திரும்ப வந்துவிட்டது.

எங்களில் ஆந்தை என்று ஒருவர் இருக்கிறார். ஆணா பெண்ணா, எந்த ஊர், எதுவும் தெரியாது. அவ்வளவு மரியாதையான ஆள். "ஆதாரமுள்ள தகவலை நீக்க வேண்டாம்" என்று எழுதி மீட்டு வைத்தார். எது ஆதாரம் என்று பார்த்தால், என்னிடம் திருடிய அந்த மூன்று தளங்களும் ஞாயிறு இணைப்பும். நான், "இது நானே இட்டுக்கட்டியது" என்று எழுதினேன். அதற்கு ஆந்தை ஒரு விதியைச் சுட்டிக்காட்டினார். ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொல்வது ஆதாரம் ஆகாது, வெளியான சான்று வேண்டும்.

அந்த விதியை எழுதியவன் நான்தான் அக்கா. உன் போன கடிதத்தை அதற்குப் பிறகு படித்தேன். அன்று சாப்பிடப் பிடிக்கவில்லை.

திரும்ப அழித்தால் என்னை வெளியே தள்ளிவிடுவார்கள். ஏன் அழிக்கச் சொல்கிறேன் என்று சொல்லவும் முடியாது. அங்கே ஒருத்தி ஒளிந்திருக்கிறாள் என்று ஊரறியச் சொல்வதுபோல் ஆகிவிடும். நான் எடுக்க எடுக்க அவர்களுக்கு ஆர்வம்தான் கூடுகிறது. நாங்கள் வாதாடும் உரையாடல் பக்கத்தில் படத்தைப் பெரிதாக்கி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் மின்கம்பத்தின் வடிவத்தை வைத்து எந்தப் பக்கத்து ஊர் என்கிறார். இன்னொருவர் நிழல் விழும் திசையைப் பார்க்கிறார். தெரியாத பத்துப் பேர் சேர்ந்தால் எதையும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நான் பெருமையடித்துக்கொண்டது உண்டு.

இன்னொன்று சொல்கிறேன், சிரிக்காதே. நம் கடிதங்களிலும் ஒரு பொறி வைப்போம். நான் இங்கே கணினியில் தட்டித்தான் அனுப்புகிறேன். என் கையெழுத்து கோழி கிளறியது, உனக்கே தெரியும். தட்டச்சுக் கடிதத்தை யாரும் என் பெயரில் எழுதலாம். அதனால் உன் வீட்டில் ஒரு பூனை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கடிதத்திலும் அதைப் பற்றி ஒரு வரி, ஒவ்வொரு முறையும் வேறு நிறம். முந்தைய கடிதங்களில் வந்த நிறம் மறுபடி வரக் கூடாது. நம் கடிதத்தைத் திருடிப் படித்தவன் படித்த நிறத்தைத்தான் எழுதுவான். நகலெடுப்பவனுக்கு மாற்றத் தோன்றாது, இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன்.

வெள்ளைப் பூனைக்கு என் அன்பு.

தம்பி


தபால் பெட்டி 212
மார்ச் 6

தம்பி,

பேயை ஓட்டப்போய்ப் பூதத்தை அழைத்து வந்த கதையாக இருக்கிறது. கேள்.

எங்கள் வீட்டுக்காரம்மா இந்த வீட்டை வாங்கியே நாலு வருஷம்தான் ஆகிறது. அந்தத் தொடர் வந்து பத்து வருஷம். ஆனால் நேற்று வாசலில் நின்று அந்தப் பிள்ளைகளிடம், "ஆமா, இங்கதான் எடுத்தாங்க. அந்தப் பேயா நடிச்ச பொண்ணுக்கு நான்தான் டீ போட்டுக் குடுத்தேன். பாவம், சக்கரை வேண்டாம்னுடுச்சு" என்கிறார். நான் படியில் நின்று கேட்டேன். அவர் பொய் சொல்லவில்லை தம்பி. சொல்லச் சொல்ல அவருக்கே அது ஞாபகம் வந்துவிட்டது, முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அந்தப் பிள்ளைகள் இதை வீடியோ எடுத்துப் போடப் போகிறார்களாம். தெருமுனையிலிருந்து நடந்து வந்து, கேட்டைத் திறந்து, படியேறி, எல்லாம் வருமாம். பரீட்சை முடிந்ததும் மாசக் கடைசியில் போடுவார்களாம். அதுவரை இடத்தை யாருக்கும் சொல்ல மாட்டோம் என்று ரகசியம் காக்கிறார்கள். குட்டியிடம் ஒருவன், "உன் பேர் என்ன, பயமா இருக்குமா ராத்திரியில?" என்று கேட்டிருக்கிறான். குட்டி, "பகல்லயும்தான்" என்றாளாம்.

கடையில் ஒரு கோட்டுக்குப் பொத்தான் தைக்கும்போது வெளியே யாரோ ஆண்குரலில் மெதுவாகப் பேசுவது கேட்டது. ஊசி விரலில் ஏறிவிட்டது. யாரோ விலாசம் கேட்ட மனிதர். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். ஆனால் அரண்டவளை அரள வைத்தவர் ஒருவர் இருக்கிறாரே.

சாம்பல் நிறப் பூனை சுகம். ஏதாவது செய்.

அக்கா


மார்ச் 12

அக்கா,

இதை உட்கார்ந்து படி.

உரையாடல் பக்கத்தில் நேற்று புதிதாக ஒருவர் எழுதியிருக்கிறார். இதற்கு முன் எங்கும் எதையும் எழுதாத பயனர். மின்கம்பம், நிழல் என்று மற்றவர்கள் அடித்துக்கொண்டிருக்கும் இடத்தில், நிதானமாக இரண்டு வரி. அப்படியே தருகிறேன்.

"மாடியில் காயும் விரிப்பு தொடரில் வந்தது என்று மேலே ஒருவர் கூறியுள்ளார். தவறு. மூன்றாவது வரிசையில் உள்ள நீலக் கட்டம் ஒரு சட்டையின் முதுகுப் பகுதி. ஆதாரம்: சட்டை என்னுடையது."

ஆந்தை அவருக்கு வழக்கம்போல் மரியாதையாக, தன் வாக்குமூலம் ஆதாரமாகாது என்று பதில் எழுதியிருக்கிறார். ஆந்தையை அன்றைக்குத்தான் முதல்முறையாக எனக்குப் பிடித்தது. ஆனால் அத்தானுக்கு நம் ஆதாரம் எதற்கு? அவர் பார்த்துவிட்டார். படத்தில் இருப்பது உன் வீடுதான் என்று தெரிந்துவிட்டது. எந்த ஊர் என்பதை மட்டும் இந்தக் கூட்டம் அவருக்குக் கண்டுபிடித்துக் கொடுக்கப் போகிறது. வீடியோ வந்துவிட்டால் அதுவும் வேண்டாம்.

எங்கள் இடத்தில் ஒரு பொய்யை உண்மையால் எடுக்க முடியாது. அதைவிட நல்ல ஆதாரமுள்ள இன்னொரு பொய்யால்தான் எடுக்க முடியும். நீ கோபத்தில் எழுதினாயே, உன் வீட்டு வாசலைப் போடுவதற்கென்ன என்று. நானும் அதைத்தான் யோசிக்கிறேன். என் வீட்டுக்குப் பின்தெருவில் ஒரு பழைய வீட்டைப் போன வாரம் இடித்துவிட்டார்கள். இரும்பு கேட் மட்டும் நிற்கிறது. அதுவும் பச்சை. பின்னால் வெறும் கல்லும் மண்ணும். அந்த வீடுதான் இது என்று நிறுவிவிட்டால், போய்ப் பார்க்க எதுவும் இருக்காது. ஆனால் எல்லோரும் நம்ப ஒரே ஒரு பொருள் தேவை.

விரிப்பை எனக்கு அனுப்பு. மஞ்சள் பூனையை வெளியே விடாதே.

தம்பி


தபால் பெட்டி 212
மார்ச் 17

மேதாவிக்கு,

இந்தப் பார்சலுக்குள் விரிப்பு இருக்கிறது. குட்டி அழுது தீர்த்துவிட்டாள். அது இல்லாமல் அவளுக்குத் தூக்கம் வராது என்று தெரிந்தும் அனுப்புகிறேன் என்றால் நிலைமையைப் புரிந்துகொள்.

உன் கடிதத்தைப் படித்ததும் பெட்டியைக் கட்டினேன். பாதி கட்டிவிட்டு நிறுத்தினேன். எத்தனை ஊர்தான் ஓடுவது? குட்டி இந்தப் பள்ளிக்கூடத்தில்தான் முதல்முதலாக ஒரு சிநேகிதியைப் பிடித்திருக்கிறாள். நான் ஓடப் போவதில்லை.

ஆனால் ஒன்று. அவர் உன் வீட்டுக்கு வருவார். நீ என் தம்பி, விரிப்பு உன் ஊரில் இருக்கிறது என்றால் வேறு எங்கே போவார்? அவரைக் கண்டு பயப்படு. கத்துவார் என்று எதிர்பார்க்காதே. மெதுவாகப் பேசுவார். நீ சொல்வதை முழுசாகக் கேட்பார். கேட்டுவிட்டு ஒரே ஒரு இடத்தைத் திருத்துவார். அதற்குப் பிறகு நீ பார்த்ததை நீயே சந்தேகிப்பாய். அதிகம் பேசாதே, உன் வாய் சும்மா இருக்காது.

எப்போது பார்த்தாலும் மெஷினில் தட்டி அனுப்புகிறாய். ஒருமுறையாவது கையால் எழுதினால் என்ன, கோழி கிளறினால்தான் என்ன.

கறுப்புப் பூனை உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னது.

அக்கா


மார்ச் 25

அக்கா,

முதலில் நல்ல செய்தி. இடித்த வீட்டின் கேட்டில் விரிப்பைத் தொங்கவிட்டுப் படம் எடுத்துப் போட்டேன். கட்டம் கட்டமாகப் பழைய படத்தோடு ஒப்பிட்டார்கள். ஆந்தையே முன்வந்து, "இடம் உறுதியானது, கட்டடம் தற்போது இல்லை" என்று எழுதிப் பக்கத்தைப் பூட்டிவிட்டார். பழைய படத்தையும் எடுத்தாயிற்று. இங்கே நாலைந்து பேர் வந்து கல்லையும் மண்ணையும் படம் எடுத்துப் போனார்கள். உன் ஊர்ப் பிள்ளைகள் இனி வீடியோ போட மாட்டார்கள். பொய்யான வீட்டை யார் பார்ப்பார்கள்?

அடுத்தது. அவர் வந்தார். இனி அவரை அத்தான் என்று எழுத எனக்கு மனமில்லை.

மாலை ஆறு மணி இருக்கும். விரிப்பு கொடியில் கிடந்தது. கதவைத் தட்டி, "உள்ள வரலாமா?" என்று கேட்டு, செருப்பை ஓரமாக வைத்துவிட்டு வந்தார். என் வேலை, உடம்பு எல்லாம் விசாரித்தார். விரிப்பின் அருகே போய் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுப் பார்த்தார்.

"இது எப்படி உன்கிட்ட?"

"அக்கா போகும்போது குடுத்துட்டுப் போனா. போன வருஷம். எங்க போனான்னு எனக்குத் தெரியாது."

"அப்படியா. அதுலேந்து மடிச்சே வச்சிருந்தியா?"

"ஆமா, பெட்டியில."

"பெட்டியில வச்ச துணியை நாலா மடிப்போம். இதுல எட்டு மடிப்புக் கோடு இருக்கு பாரு. பார்சலுக்கு மடிச்ச மாதிரி."

என்ன செய்வது என்று தெரியாமல், டீ போடுகிறேன் என்று அடுக்களைக்குள் போனேன். திரும்பி வரும்போது அவர் விரிப்பைக் கொடியிலிருந்து எடுத்து நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தார். "என் சட்டை. நான் எடுத்துக்கறேன்" என்றார். டீயை முழுசாகக் குடித்தார். "உன் கை நடுங்குது. சுகர் இருக்கான்னு பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கே ஒரு நிமிஷம் சுகராக இருக்குமோ என்று தோன்றியது. நீ சொன்னது அப்போதுதான் புரிந்தது.

குட்டியிடம் விரிப்புக்கு மன்னிப்புக் கேட்டதாகச் சொல். பழுப்புப் பூனை பத்திரமா?

தம்பி


மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். அவர் மீண்டும் வந்து என்னோடு நீண்ட நேரம் பேசினார். நாம் நினைத்ததுபோல் இல்லை. அந்தக் கதவு விஷயம்கூட, அப்படி நடக்கவே இல்லை என்றுதான் எனக்கும் இப்போது படுகிறது. நீ அப்போது மிகவும் களைத்திருந்தாய். சரி, அதை விடு.

விரிப்பை அவரிடமிருந்து திரும்ப வாங்கிவிட்டேன். அது இல்லாமல் குட்டிக்குத் தூக்கம் வராதே. ஏப்ரல் பதினொன்றாம் தேதி, சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு உங்கள் ஊர்த் தலைமைத் தபால் நிலையத்தின் படிக்கட்டில் அதைக் கொண்டுவந்து தருகிறேன். குட்டியையும் அவசியம் அழைத்து வா. கார் எடுத்து வருகிறேன், வேறு நல்ல இடத்துக்குப் போய்விடலாம்.

அந்த வீட்டையும் வேலையையும் விட்டுவிட்டேன். பழைய விலாசத்துக்கு எழுத வேண்டாம், ஆபீஸுக்குப் போன் செய்யவும் வேண்டாம். பதிலை உறையின் பின்புறமுள்ள தபால் பெட்டிக்கு எழுது.

கறுப்புப் பூனையையும் கேட்டதாகச் சொல்.

உன் மேதாவி


தபால் பெட்டி 212
ஏப்ரல் 18

தம்பி,

போனில் அதிகாரியம்மா சொன்னது போக மீதியை எழுதுகிறேன்.

அந்தக் கடிதத்தை முதலில் சந்தோஷமாகத்தான் படித்தேன். விரிப்பு கிடைத்துவிட்டது என்று குட்டியைக் கூப்பிடக்கூடச் செய்தேன். கதவு பற்றிய வரியை இரண்டு முறை படித்தேன். என் தம்பியையும் திருத்திவிட்டாரா என்று நினைத்தேனே தவிர, அது நீ இல்லை என்று தோன்றவில்லை. கறுப்பு என்ற சொல்லுக்கு வந்ததும் காகிதத்தைக் கீழே போட்டுவிட்டேன். தொடவே பிடிக்கவில்லை. பார்சலுக்குள் வைத்த என் கடிதம் உன் வீட்டில் இருக்காது, தேடாதே. நீ டீ போடப் போனபோது, ஊர் முத்திரை விழுந்த பார்சல் உறையோடு போயிருக்கும். அவரைப் பற்றி நான் எழுதியதையெல்லாம் அவர் படித்திருக்கிறார். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

பழைய காவல் நிலையத்துக்கே போனேன். அந்த அம்மா முதலில் நம்பவில்லை. "இது உங்க தம்பி எழுதினது இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க?" என்றார். பூனையைச் சொன்னேன். சிரித்தார். பிறகு உன் கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். உடனே உன் ஆபீஸுக்குப் போன் செய்தார். நீ அவரிடமும், "பதறாதீங்க, கதவைத் தள்ளாதீங்க" என்றாயாமே. பழக்கதோஷம்.

அவர் சொன்னபடி அந்தப் புதுப் பெட்டிக்கு, வருகிறேன் என்று ஒரு வரி எழுதிப் போட்டேன். குட்டியைச் சிநேகிதி வீட்டில் விட்டேன். நான் தபால் நிலையத்துக்குள் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பெண் காவலர் ஒருவரோடு நின்றேன். நாலு மணிக்குச் சரியாக வந்தார். கையில் விரிப்பு, நாலாக மடித்தது. முடியைப் படிய வாரியிருந்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தும் மூச்சுச் சத்தம் கேட்டுவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

அதிகாரியம்மா சாதாரண உடையில் போய் அவர் பக்கத்தில் நின்று, தான் யார் என்று சொல்லி, கடித உறையை மட்டும் காட்டினார். கதவு கொஞ்சம் திறந்திருந்ததால் பேச்சு கேட்டது.

"இதை நான் எழுதவே இல்லைங்க" என்றார், அதே குரலில். "மைத்துனன் வரச் சொன்னான், விரிப்பைக் குடுக்க வந்தேன். நான் எழுதினேன்னு ஆதாரம் இருக்கா?"

"ஆதாரம் இல்லைங்க" என்றார் அந்த அம்மா. "உங்க மனைவி பயந்து ஏதோ சொல்றாங்கன்னு நினைக்கிறேன். வீட்லயே அடைஞ்சு கிடக்காங்க. துணைக்கு ஒரு வெள்ளைப் பூனை மட்டும்தான்."

அவர் சும்மா இருந்திருக்கலாம். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அவரால் அப்படி இருக்க முடிந்ததில்லை.

"வெள்ளை இல்லை" என்றார். "கறுப்பு."

"அப்படியா. நீங்க பாத்திருக்கீங்களா?"

அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. தான் சொன்னதை அவரால் திருத்த முடியாமல் போனதை நான் பார்த்தது அதுதான் முதல் முறை. அவர் எழுதவில்லை என்ற கடிதத்தைத் தவிர, அந்தக் கறுப்புப் பூனை இந்த உலகத்தில் என்னுடைய ஒரே ஒரு கடிதத்தில்தான் இருந்தது. அந்தக் கடிதத்தை அவர் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார்.

நான் அழவில்லை. வீட்டுக்கு வந்து, கழுவிய பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன். அதிகாரியம்மா என் வாக்குமூலத்தை முதலிலிருந்து எழுதி வாங்கினார். கதவு இறுகியது என்று நான் வாய்தவறிச் சொன்னபோது எழுதுவதை நிறுத்தி, "பூட்டினாரா, இறுகுச்சா?" என்று கேட்டார். பூட்டினார் என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார்.

இனி அவர் என்னிடமோ குட்டியிடமோ நெருங்கக் கூடாது என்று உத்தரவு வாங்கித் தந்திருக்கிறார்கள். உத்தரவு என்பது ஒரு காகிதம்தான், எனக்கும் தெரியும். அவருக்கு இந்த ஊர் தெரிந்துவிட்டது. அலமாரி இன்னும் கதவுக்குக் குறுக்கேதான் இருக்கிறது. பயம் போய்விட்டது என்று உனக்காகப் பொய் எழுத மாட்டேன். ஆனால் கதவைப் பூட்டுவது இப்போது நான். விரிப்பைக் காவல் நிலையத்தில் வைத்துக்கொண்டார்கள். குட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிப் பழகுகிறாள்.

வீட்டுக்காரம்மாவுக்குத்தான் ஒரே வருத்தம். பேயாக நடித்த பெண்ணுக்கு டீ கொடுத்ததை இப்போது யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்களாம்.

நம் கடிதங்களைப் பற்றி அதிகாரியம்மாவிடம் பேசிக்கொண்டிருந்ததைக் குட்டி கேட்டுவிட்டாள். நிஜமாகவே ஒரு பூனை வளர்க்கலாம் என்று காலையிலிருந்து பின்னாலேயே சுற்றுகிறாள். எதிர்க்கடையில் பூனை குட்டி போட்டிருக்கிறதாம், சும்மாவே தருவார்களாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்த வாரம் நம் பூனை செம்பட்டை. நிஜப் பூனைக்கு ஒரு நிறம்தான் இருக்கும் தம்பி, நமக்கு அது போதாது.

அக்கா